கசெட்டில் மாறிய ஒரு வரி

திரையரங்கில் ஒரு படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். வீட்டுக்குள் வந்துவிட்ட படம் அப்படியல்ல. பிள்ளைகள் அதை எத்தனை முறை பார்க்கிறார்கள் என்று என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? பாடசாலை விட்டு வந்ததும் ஒரு முறை. சாப்பாட்டுக் கோப்பையோடு ஒரு முறை. மழை நாளென்றால் இரண்டு முறை. மூன்றாம் நாள் பாட்டெல்லாம் மனப்பாடம், ஒரு மாதத்தில் வசனமும் மனப்பாடம். குசினியில் நிற்கும் உம்மாவுக்குக்கூட, திரையைப் பார்க்காமலே பாதிப் படம் பாடமாகிவிடும்.

ஆகவே வீட்டுக்கென்று வெளியிடப்படும் சித்திரப் படத்தை எடைபோடுவதற்குத் திரையரங்குத் தராசு போதாது. நூறு முறை கேட்கப்போகும் ஒரு பாட்டில் என்ன சொல்லியிருக்கிறார்கள், நூறு முறை பார்க்கப்போகும் ஒரு முகத்தை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்தாக வேண்டும்.

இம்முறை நாம் எடுத்துக்கொள்வது வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் 'அலாடின்'. 1992 நொவெம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்து, அந்த ஆண்டின் படங்களுள் உலகிலேயே அதிக வசூலைப் பெற்ற படம் இது. 50 கோடி டொலருக்கு மேல் என்கிறது கணக்கு. 1993 ஒக்டோபர் 1ஆம் திகதி வீடியோ கசெட்டாக வெளிவந்தபோது முதல் வாரத்திலேயே ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பின்னர் 2004இல் டிவிடி, 2015இல் புளூ-ரே. கசெட் போடும் டெக்குகள் இன்று அலுமாரிக்கு மேல் தூசு பிடித்துக் கிடக்கின்றன. அதைக் கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானியக் கம்பனியும் 2016இல் கையை விட்டுவிட்டது. ஆனாலும் நம் பேச்சு அந்த 1993ஆம் ஆண்டுக் கசெட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். திரையரங்கில் ஓடிய படமும் அந்தக் கசெட்டில் இருந்த படமும் ஒன்றல்ல. ஒரு வரி மாறியிருந்தது.

அதற்கு வருமுன் படத்தின் நல்லதைச் சொல்லிவிடுவோம். குறை சொல்வதற்கென்றே உட்கார்ந்தவர்களின் பேச்சைப் பிள்ளைகள் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. நகைச்சுவைச் சித்திரப் படம் என்ற வகையில் இது தேர்ந்த கைவேலை. ரொன் கிளெமன்ட்ஸ், ஜோன் மஸ்கர் என்ற இருவர் சேர்ந்து இயக்கியது. ஒன்றரை மணி நேரம், எங்கும் தொய்வில்லை. மந்திரக் கம்பளம் ஒன்று வருகிறது. அதற்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. நான்கு மூலைக் குஞ்சங்களை வைத்துக்கொண்டே அது வெட்கப்படுகிறது, கோபித்துக்கொள்கிறது, தலை குனிந்து நடக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அதை எவரும் விளக்க வேண்டியதில்லை. எத்தனையோ படங்களில் வாய் ஓயாமல் பேசுபவர்களால் ஆகாத காரியத்தை ஒரு துண்டுக் கம்பளம் செய்துவிடுகிறது.

படத்தின் உயிர், விளக்கிலிருந்து கிளம்பும் நீல நிறப் பூதம். குரல் கொடுத்தவர் காலஞ்சென்ற நகைச்சுவை நடிகர் ரொபின் வில்லியம்ஸ். எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசி முடித்த பிறகு தன் வாய்க்கு வந்ததையெல்லாம் அவர் பேசினார். எரிக் கோல்ட்பேர்க் என்ற ஓவியரின் தலைமையில் சித்திரக்காரர்கள் அந்தக் குரலின் பின்னால் ஓடி ஓடி வரைந்தார்கள். பூதம் கண்மூடித் திறப்பதற்குள் ஆடாகிறது, தேனீயாகிறது, தொலைக்காட்சி அறிவிப்பாளராகிறது. இந்தப் பகிடிகளில் பாதி அமெரிக்கப் பெரியவர்களுக்குச் சொல்லப்பட்டவை. எட் சலிவனும் குரூச்சோ மார்க்ஸும் யாரென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அங்கே வளரும் இன்றைய பிள்ளைகளிலும் பலருக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அது குரலின் வேகத்துக்கும் கோட்டின் வேகத்துக்கும் வரும் சிரிப்பு. புளூ-ரேயில் வில்லியம்ஸ் பேசி, படத்தில் சேராமல் போன துண்டுகள் சிலவற்றைத் தனியாகத் தந்திருக்கிறார்கள். பெரியவர்கள் கேட்க வேண்டியவை.

பூதம் என்றதும் ஒரு சொல். நம் வீடுகளில் ஜின் என்பது கதைப் பாத்திரமல்ல, ஈமானோடு தொடர்புடைய விடயம். விளக்கைத் தேய்த்து மூன்று வரம் கேட்பது கதை. அல்லாஹ்வின் அனுமதியோடு சுலைமான் (அலை) அவர்களுக்கு ஜின்கள் பணிந்து வேலை செய்தது வேதம் சொல்லும் செய்தி. இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளாதபடி ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். அதற்காகத் தொலைக்காட்சிப் பெட்டியை மூட வேண்டியதில்லை.

இனி அந்த வரி.

படம் தொடங்கும்போது ஒட்டகத்தில் வரும் வியாபாரி ஒருவன் தன் ஊரைப் பற்றிப் பாடுகிறான். அரபு நாட்டு இரவுகளைப் பற்றிய பாட்டு. திரையரங்குக்கு வந்த படத்தில் அந்தப் பாட்டு, ஒருவனின் முகம் பிடிக்கவில்லை என்பதற்காகவே காதை அறுத்துவிடும் ஊர் என்று தன் நாட்டை அறிமுகம் செய்தது. அடுத்த வரியில் காட்டுமிராண்டித்தனம் என்ற சொல்லும், என்ன இருந்தாலும் என் வீடு என்ற சமாதானமும். கதை தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நல்லவன் யார், கெட்டவன் யார் என்று பிள்ளைக்குத் தெரியுமுன்னரே அரபிகளின் ஊர் எப்படிப்பட்டது என்று சொல்லியாகிவிட்டது.

அமெரிக்காவில் வாழும் அரபுக் குடும்பங்கள் இதைக் கேட்டன. அவர்களின் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து இந்தப் பாட்டைப் பாடினார்கள். அமெரிக்க அரபு பாகுபாட்டு எதிர்ப்புக் குழு டிஸ்னி நிறுவனத்திடம் முறையிட்டது. லெபனானிலிருந்து குடியேறிய குடும்பங்களில் பிறந்த இருவர் இதில் முன்னின்றார்கள். ஒருவர் பேராசிரியர் ஜாக் ஷாஹீன். ஹொலிவூட் படங்களில் அரபிகள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதை ஆயிரக்கணக்கான காட்சிகளிலிருந்து திரட்டிப் பின்னர் 2001இல் பெரிய நூலாகத் தந்தவர். மற்றவர் அமெரிக்க வானொலியில் வீட்டுக்கு வீடு தெரிந்த குரலான கேசி கேசம். இருவரும் படத்தைத் தடைசெய்யும்படி கேட்கவில்லை. மாற்றும்படி கேட்டார்கள்.

1993 ஜூலையில் டிஸ்னி இறங்கி வந்தது. வீடியோவில் காது அறுக்கும் வரி இராது என்று அறிவித்தது. அதன் இடத்தில் பாலைவனத்தின் பரப்பையும் அதன் வெயிலையும் பற்றிய ஒரு வரி வந்தது. காட்டுமிராண்டித்தனம் என்ற சொல்லோ அப்படியே இருந்தது. அது இப்போது மனிதர்களைக் குறிக்கவில்லை, நிலத்தையும் வெப்பத்தையும்தான் குறிக்கிறது என்று நிறுவனத்தார் விளக்கம் சொன்னார்கள். வெயில் காட்டுமிராண்டியாம்! அந்த மாதமே நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை, இந்தப் பாட்டின் சொல்லையே எடுத்து டிஸ்னியைக் குத்தும் தலைப்போடு ஓர் ஆசிரியத் தலையங்கம் எழுதியது. மிச்சமிருந்த சொல் மாறுவதற்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடிகர்களை வைத்து மீண்டும் எடுத்த படத்தில், காட்டுமிராண்டித்தனத்துக்குப் பதிலாகக் குழப்பம் நிறைந்த ஊர் என்ற பொருளில் ஒரு சொல் வந்தது. ஒரு வரிக்கு எட்டு மாதம், ஒரு சொல்லுக்கு இருபத்தேழு ஆண்டு.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். 2015 டிசெம்பரில் அமெரிக்காவில் ஒரு கருத்துக் கணிப்பு நிறுவனம் ஒரு குறும்புக் கேள்வி கேட்டது. அக்ரபா மீது குண்டு போடுவதை ஆதரிக்கிறீர்களா என்பதே அது. அக்ரபா வேறெதுவுமல்ல, இந்தச் சித்திரப் படத்தில் வரும் கற்பனை ஊரின் பெயர். குடியரசுக் கட்சியின் வாக்காளர்களில் 30 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். ஜனநாயகக் கட்சியினரிலும் 19 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். பெயரின் ஓசை மட்டுமே போதுமாக இருந்தது. முதலில் இந்தக் கதைக்கு பக்தாத் என்றே ஊர்ப் பெயர் வைத்திருந்தார்கள். 1991ஆம் ஆண்டு வளைகுடா யுத்தத்தில் உண்மையான பக்தாத் மீது குண்டு விழுந்த பிறகுதான் அக்ரபா என்று மாற்றினார்கள். இதை அறிந்துகொண்டு அந்தக் கணிப்பைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை.

வரி மாறியது சரி, படம் மாறியதா என்றால் இல்லை. பழத்தட்டுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரண்மனையிலிருந்து வெளியே வந்த இளவரசி, பசித்த சிறுவன் ஒருவனுக்கு ஓர் அப்பிளை எடுத்துக் கொடுக்கிறாள். கையில் காசில்லை. உடனே வியாபாரி அவளது கையைப் பலகையில் வைத்து அழுத்திக்கொண்டு வாளை ஓங்குகிறான். கசெட்டிலும் இது உண்டு, டிவிடியிலும் உண்டு. பாட்டிலிருந்து காது போய்விட்டது, காட்சியில் கை நிற்கிறது. இந்த இடத்தில் மட்டும் படத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளையிடம் இரண்டு நிமிடம் கதையுங்கள். தண்டனை என்பது விசாரணை செய்த காழிக்குரியதே தவிர, கடைக்காரன் வீதியில் நின்று கொடுப்பதல்ல. பஞ்ச காலத்தில் உமர் (ரழி) அவர்கள் களவுக்கான அந்தத் தண்டனையையே நிறுத்திவைத்தார்கள். பசித்த பிள்ளைக்குப் பழம் கொடுத்தவளின் கையை வெட்டும் ஊர் எந்த முஸ்லிம் ஊருமல்ல என்பதை உம்மா சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

முகங்களையும் பாருங்கள். அலாவுதீனும் இளவரசியும் அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலப் பேசுகிறார்கள். அலாவுதீனுக்கு மாதிரியாக வைத்துக்கொண்டது நடிகர் டொம் குரூஸை. மற்றவர்களுக்கோ வளைந்த மூக்கு, விழுந்த பல், கனத்த அரபு உச்சரிப்பு. நல்லவர்கள் நம்மைப் போல, கெட்டவர்கள் அவர்களைப் போல என்று அமெரிக்கப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். நம் பிள்ளை என்ன நினைக்கும்? அது இன்னும் சிக்கல். இளவரசியின் ஆடை பற்றி நீங்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: அது எந்த அரபு நாட்டுப் பெண்ணின் ஆடையுமல்ல, அந்தப்புரம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஐரோப்பிய ஓவியர்கள் கனவு கண்டு வரைந்த ஆடை.

வில்லனின் பெயர் ஜஃபர். நஜ்ஜாஷி மன்னரின் சபையில் எழுந்து நின்று மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டிய ஜஃபர் (ரழி) அவர்களின் பெயரை எத்தனை குடும்பங்கள் ஆசையோடு பிள்ளைகளுக்கு வைத்திருக்கின்றன! ஆயிரத்தொரு இரவுக் கதைகளிலும் ஹாரூன் ரஷீதின் மந்திரி ஜஃபர் கெட்டவர் அல்லர். இரவில் மாறுவேடத்தில் கலீபாவோடு நகர்வலம் வருபவர். அந்தப் பெயரை 1940இல் வந்த 'பக்தாத் திருடன்' என்ற ஆங்கிலப் படம் ஒரு சூனியக்கார மந்திரிக்குச் சூட்டியது. டிஸ்னி அந்த வழியில் போயிற்று. இன்று ஜஃபர் என்ற பெயரோடு வகுப்பறைக்குள் நுழையும் பிள்ளையை எந்தச் சிரிப்பு வரவேற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வசனம். மகளோடு வாதாடிக் களைத்துப்போன சுல்தான், அவளது வளர்ப்புப் புலியைப் பார்த்து, உனக்குப் பெண் பிள்ளைகள் பிறக்காமல் அல்லாஹ் காப்பாற்றட்டும் என்ற பொருளில் பகிடி விடுகிறார். படத்தில் அல்லாஹ்வின் பெயர் வரும் ஓரிடம் இது. பெண் பிள்ளை பிறந்த செய்தி கேட்டு முகம் கறுப்பவர்களைக் கண்டித்த வேதத்தைக் கையில் வைத்திருப்பவர்களின் வாயில் இந்தப் பேச்சு! சுல்தான் நல்ல மனிதர்தான், மகள் மீது உயிரையே வைத்திருப்பவர், கடைசியில் அவளுக்காகச் சட்டத்தையே மாற்றுகிறார். ஆகவே எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். கேட்டுப் பழகிய பேச்சை யோசிக்காமல் போட்டுவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனையும் கண்ணெதிரே இருக்க, கசெட்டை முன்னும் பின்னும் ஓட்டித் தேடியவர்கள் பிடித்தது இல்லாத ஒன்றை. 1995இல் அமெரிக்காவில் ஒரு புரளி கிளம்பியது. மாடக் காட்சியில் புலி உறுமும்போது அலாவுதீன் தணிந்த குரலில் இளைஞர்களுக்குத் தகாத ஒன்றைச் சொல்கிறானாம். கிறிஸ்தவக் குடும்பங்கள் பல பதறிப்போயின. நிறுத்தி, திருப்பி, மீண்டும் போட்டுக் கேட்டார்கள். கேட்கப்போவது இன்னதென்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்கு அதுவே கேட்டது. உண்மையில் அவன் சொல்வது, நல்ல புலியே, அப்பால் போ என்பதுதான். ஆனாலும் டிஸ்னி அந்த முணுமுணுப்பை 2004 டிவிடியில் மாற்றிவிட்டது. இல்லாத வார்த்தையும் மாறியது, இருந்த கை வெட்டு மாறவில்லை! திரையரங்கில் இந்தப் புரளி எழுந்திருக்காது. திருப்பிப் போடும் பொத்தான் வீட்டில்தான் இருக்கிறது. அந்தப் பொத்தானை எதற்குப் பயன்படுத்துவது என்பதே நம் கேள்வி.

கசெட்டின் வெற்றி ஒரு புதிய வியாபாரத்தையும் திறந்துவிட்டது. 1994 மே மாதம் 'ஜஃபரின் மீள்வருகை' என்ற இரண்டாம் பாகம் திரையரங்குக்கே போகாமல் நேராக வீடியோவாக வந்தது. சித்திரம் மெலிந்தது, பகிடியும் மெலிந்தது. பூதத்துக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். வில்லியம்ஸ் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டதே, தன் குரலை விளையாட்டுச் சாமான் விற்கப் பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான். அது மீறப்பட்டதென்று கோபித்துக்கொண்டு விலகினார். நிறுவனத்தின் புதிய தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்ட பின் 1996இல் மூன்றாம் பாகத்துக்குத் திரும்பி வந்தார். மூன்றாவதைப் பார்க்கலாம். இரண்டாவதை விட்டுவிட்டாலும் பிள்ளைகளுக்கு நட்டமில்லை.

கடைசியாக, நம் வாசகிகளுக்கென்றே ஒன்று. அலாவுதீனின் உம்மா எங்கே?

இந்தக் கதையை 1709இல் பாரிஸ் நகரில், ஹலப் நகரத்து ஹன்னா தியாப் என்ற சிரியக் கிறிஸ்தவ இளைஞர் அன்ட்வான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞருக்குச் சொன்னார். கலான் அதைத் தன் ஆயிரத்தொரு இரவு மொழிபெயர்ப்பில் சேர்த்துக்கொண்டார். அந்தக் கதையில் அலாவுதீன் சீன நாட்டுத் தையற்காரர் முஸ்தபாவின் மகன். வாப்பா இறந்த பின் நூல் நூற்று அவனை வளர்ப்பது உம்மா. மகன் இளவரசியை ஆசைப்பட்டதும், இரத்தினங்களை ஒரு பாத்திரத்தில் வைத்துத் துணியால் மூடிக்கொண்டு சுல்தானின் அவைக்குப் பெண் கேட்கப் போவதும் அவள்தான். முதல் நாள் எவரும் கவனிக்கவில்லை. அடுத்த நாளும் போய் நின்றாள். நாள் தவறாமல் போய் நின்றாள், சுல்தானே யார் இந்தப் பெண் என்று கேட்கும் வரையில்.

டிஸ்னியின் முதல் வரைவில் இந்த உம்மா இருந்தாள். பாடல்களை எழுதிய ஹவார்ட் ஆஷ்மன் அவளுக்காக ஒரு பாட்டே எழுதியிருந்தார். ஊரார் உதவாக்கரை என்று ஒதுக்கிய மகன், ஒருநாள் உன்னைப் பெருமைப்பட வைப்பேன் என்று தாயிடம் சொல்லும் பாட்டு. ஆஷ்மன் 1991 மார்ச்சில் நாற்பது வயதில் காலமானார். அடுத்த மாதம் கதையைப் பார்வையிட்ட நிறுவனத்தின் மேலாளர், தாய் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று உத்தரவிட்டார். கதை வேகமாயிற்று, பகிடிக்கு இடம் கிடைத்தது, உண்மைதான். ஆனால் 1992ஆம் ஆண்டுப் படத்தில் அலாவுதீனுக்கும் தாயில்லை, இளவரசிக்கும் தாயில்லை. பெயர் சொல்லக்கூடிய பெண் அந்த ஊர் முழுவதிலும் ஒருத்திதான்.

தேடி வாங்குவதானால் 2004ஆம் ஆண்டு டிவிடியைத் தேடுங்கள். கைவிடப்பட்ட பாடல்கள் என்ற பகுதியில், வர்ணம் பூசாத வரைபடங்களோடு அந்தத் தாய்க்கான பாட்டைப் போட்டிருக்கிறார்கள். பூதமும் இல்லை, கம்பளமும் இல்லை, சில நிமிடங்கள்தான். பிள்ளைகள் அதைத் தாண்டிவிடச் சொல்வார்கள். நீங்கள் ஒரு முறை இருந்து கேளுங்கள்.